ஓர் அணுக்கரு சிதையுமா, சிதைந்தால் எப்படி? தாளும் கணிப்பானும் வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

கதிரியக்கம் படிக்கத் தொடங்குபவர்கள் இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது வழக்கம். இந்த அணுக்கரு சிதைய முடியுமா என்பது ஒரு கேள்வி. சிதைய எவ்வளவு காலம் ஆகும் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கான விடை நிறை அட்டவணையிலேயே இருக்கிறது. கழித்தல் கணக்குத் தெரிந்தால் போதும். இரண்டாவதற்கு விசைகளின் குணம் தெரிந்திருக்க வேண்டும். இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

தேவையானவை மூன்றே: அணு நிறைகளைக் குறைந்தது 6 தசம இடங்களுடன் தரும் அட்டவணை ('அணு நிறை மதிப்பீடு 2020' என்ற அட்டவணை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது), அறிவியல் கணிப்பான், பிறகு ஓர் எண்: 1 அணு நிறை அலகு = 931.494 மெகா எலக்ட்ரான் வோல்ட். இந்த ஆற்றல் அலகை இனி 'எம்இவி' என்றே எழுதுகிறேன்.

முதலில் விசைகள், சுருக்கமாக

புரோட்டான்களையும் நியூட்ரான்களையும் பிடித்து வைத்திருப்பது வலிய அணுக்கரு விசை. அதன் எல்லை மிகக் குறுகியது. 1 முதல் 2 பெர்மி தூரத்தில் பலமாக ஈர்க்கும் (1 பெர்மி என்பது 10⁻¹⁵ மீட்டர்). சில பெர்மி தாண்டினால் ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். அரைப் பெர்மிக்கும் நெருக்கமாக வந்தால் விலக்கத் தொடங்கும். எனவே ஒரு நியூக்ளியான் (புரோட்டான், நியூட்ரான் இரண்டுக்கும் பொதுப்பெயர்) தன்னை ஒட்டியிருக்கும் சிலரோடுதான் பிணைகிறது. மின் விலக்கு விசைக்கு அப்படி எல்லை கிடையாது. அணுக்கருவின் ஒரு கோடியில் இருக்கும் புரோட்டான் மறு கோடியில் இருப்பதையும் தள்ளும்.

ஈயம்-208-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம் = 1.2 × நிறை எண்ணின் கனமூலம் என்ற சூத்திரப்படி அதன் ஆரம் சுமார் 7.1 பெர்மி. 82 புரோட்டான்களில் 3,321 ஜோடிகள் உண்டு. அத்தனையும் ஒன்றையொன்று தள்ளுகின்றன. சீரான மின்னூட்டம் கொண்ட கோளமாக வைத்துக் கணக்கிட்டால் இந்தத் தள்ளலின் ஆற்றல் மட்டும் 800 எம்இவி-யைத் தாண்டுகிறது. அதையும் மீறி மொத்தப் பிணைப்பு ஆற்றலாக 1,636 எம்இவி மிஞ்சுகிறது. நிறை எண் கூடக்கூட ஈர்ப்பு ஏறக்குறைய அதே விகிதத்தில்தான் கூடும். விலக்கமோ புரோட்டான் எண்ணிக்கையின் வர்க்கத்தை ஒட்டி எகிறும். கனமான அணுக்கருக்கள் ஏன் நிலைப்பதில்லை என்பதற்கு இதைவிட ஆழமான காரணம் தேட வேண்டியதில்லை.

மூன்றாவது, வலிமை குறைந்த அணுக்கரு விசை. இதன் வேலை பிடித்து வைப்பதல்ல. நியூட்ரானைப் புரோட்டானாகவும் புரோட்டானை நியூட்ரானாகவும் மாற்றுவது. எல்லை 10⁻¹⁸ மீட்டர் அளவு. பீட்டா சிதைவு முழுக்க இதன் கைவேலை. தனித்து விடப்பட்ட நியூட்ரான் சுமார் 10 நிமிட அரை ஆயுளோடு (பாதி சிதைய ஆகும் காலம்) சிதைவதும் இதனால்தான்.

படி 1: எண்ணுங்கள்

புரோட்டான், நியூட்ரான் எண்ணிக்கைகள் ஒற்றையா இரட்டையா என்று பாருங்கள். இணை சேர்ந்த நியூக்ளியான்களுக்குப் பிணைப்பு சற்றுக் கூடுதல். அதனால் நிலையான அணுக்கருக்களில் பாதிக்கும் மேற்பட்டவை இரண்டும் இரட்டைப்படையாக உள்ளவை. இரண்டும் ஒற்றைப்படையாக இருந்தால் சந்தேகப்படலாம்: ஹைட்ரஜன்-2, லித்தியம்-6, போரான்-10, நைட்ரஜன்-14 என்ற நான்கு இலேசானவை மட்டுமே அந்த வகையில் அடிநிலையிலேயே நிலைத்து நிற்கின்றன.

2, 8, 20, 28, 50, 82, 126 என்ற மாய எண்களில் ஒன்று இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த எண்களில் அணுக்கருவினுள் கூடுகள் (நியூக்ளியான்களின் ஆற்றல் அடுக்குகள்) நிரம்புகின்றன என்பதை 1949-இல் மரியா கோப்பெர்ட் மேயரும் ஹான்ஸ் யென்சனும் தனித்தனியே விளக்கினார்கள். 50 புரோட்டான் கொண்ட வெள்ளீயத்துக்கு நிலையான ஐசோடோப்புகள் 10. வேறு எந்தத் தனிமத்துக்கும் அத்தனை இல்லை. 43-ஆம் தனிமமான டெக்னீசியத்துக்கும் 61-ஆம் தனிமமான புரோமீத்தியத்துக்கும் ஒன்றுகூட இல்லை.

இந்தப் படி ஊகத்துக்கு மட்டும். இதோடு நின்று முடிவு சொல்லிவிடக் கூடாது.

படி 2: எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது?

ஒரே நிறை எண் கொண்ட அணுக்கருக்களில் எந்த அணு எண் மிகச் சாதகமானது என்பதற்கு ஒரு தோராயச் சூத்திரம் உண்டு. நிறை எண்ணின் கனமூலத்தை எடுத்து வர்க்கப்படுத்துங்கள். அதை 0.0155-ஆல் பெருக்கி 1.98-ஐக் கூட்டுங்கள். வந்த தொகையால் நிறை எண்ணை வகுங்கள்.

நிறை எண் 14 என்றால் விடை 6.8, அதாவது 7, நைட்ரஜன். கார்பன்-14-இன் அணு எண் 6, இதைவிடக் குறைவு, நியூட்ரான் அதிகம். ஆகவே ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறி எலக்ட்ரானை வெளியேற்றும் பீட்டா கழித்தல் சிதைவை எதிர்பார்க்கலாம். அணு எண் கூடுதலாக இருந்தால் எதிர்த்திசை: பாசிட்ரான் (நேர் மின்னூட்டமுள்ள எலக்ட்ரான்) உமிழ்வு அல்லது அணுவின் எலக்ட்ரான் ஒன்றை அணுக்கரு விழுங்கும் எலக்ட்ரான் கவர்வு.

ஆனால் நிறை எண் 137-க்கு இதே சூத்திரம் 57.3 தரும். உண்மையில் நிலையானது 56-ஆம் தனிமமான பேரியம்-137. இணை சேர்தலையும் கூடுகளையும் இந்தச் சூத்திரம் அறியாது. ஒன்று முன்பின் தவறுவது சகஜம். விடை நூலிழையில் இருந்தால் அடுத்த படிதான் தீர்ப்பு.

படி 3: நிறையைக் கழித்துப் பாருங்கள்

தாய் அணுவின் (சிதையும் அணு) நிறையிலிருந்து சேய் அணு (சிதைந்தபின் மிஞ்சுவது) முதலிய விளைபொருள்களின் நிறையைக் கழியுங்கள். மிச்சம் நேர்க்குறியாக இருந்தால் சிதைவுக்கு ஆற்றல் தடை இல்லை. எதிர்க்குறியானால் அந்த வழி அடைப்பு. இந்த வழிகாட்டியில் அதிகம் பிழை நேரும் இடம் இது என்பதால் ஒவ்வொரு வகையாகப் பார்ப்போம்.

பீட்டா கழித்தல்: தாய் அணு நிறை − சேய் அணு நிறை. அவ்வளவுதான். அட்டவணையில் இருப்பது எலக்ட்ரான்களும் சேர்ந்த அணு நிறை. சேய் அணுவுக்கு ஓர் எலக்ட்ரான் கூடுதல். வெளியேறும் எலக்ட்ரான் அதிலேயே கணக்கில் வந்துவிடுகிறது. கார்பன்-14: 14.003242 − 14.003074 = 0.000168. அதை 931.494-ஆல் பெருக்கினால் 0.156 எம்இவி. எலக்ட்ரானின் நிறையைத் தனியாக மறுபடி கழித்தால் விடை எதிர்க்குறியாகி, கார்பன்-14 நிலையானது என்ற அபத்தத்தில் முடியும்.

எலக்ட்ரான் கவர்வு: இதற்கும் அதே கழித்தல்தான் (உட்கூட்டு எலக்ட்ரானின் பிணைப்பு ஆற்றல் சிறியது, தொடக்கத்தில் விட்டுவிடலாம்).

பாசிட்ரான் உமிழ்வு: இங்கே மட்டும் இரண்டு எலக்ட்ரான் நிறை, அதாவது 1.022 எம்இவி கூடுதலாகக் கழிக்க வேண்டும். வெளியேறும் பாசிட்ரானுக்கு ஒன்று, சேய் அணுவுக்குத் தேவையில்லாமல் போன எலக்ட்ரானுக்கு ஒன்று. சோடியம்-22-க்கும் நியான்-22-க்கும் உள்ள வேறுபாடு 21.994437 − 21.991385 = 0.003052, அதாவது 2.84 எம்இவி. 1.022 போக 1.82 மிஞ்சுகிறது, பாசிட்ரான் வரும். பெரிலியம்-7-க்கு (7.016929 − 7.016003) 0.86 எம்இவிதான் கிடைக்கும். 1.022-க்குக் குறைவு, ஆகவே பாசிட்ரான் வராது, எலக்ட்ரான் கவர்வு மட்டுமே. எலக்ட்ரான்கள் அனைத்தையும் உரித்தெடுத்த பெரிலியம்-7-க்குச் சிதைய வழியே இல்லை.

ஆல்ஃபா (ஹீலியம்-4 அணுக்கரு வெளியேறுவது): தாய் − சேய் − ஹீலியம்-4. பொலோனியம்-210: 209.982874 − 205.974466 − 4.002603 = 0.005805, 5.41 எம்இவி. புத்தகத்தைப் புரட்டினால் அங்கே ஆல்ஃபாவின் ஆற்றல் 5.30 என்று இருக்கும். கணக்குத் தவறு என்று நினைத்துவிடாதீர்கள். உந்தம் மாறாமல் இருக்கச் சேய் அணுக்கரு பின்னுதைத்து ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. 5.41-ஐ 206/210-ஆல் பெருக்குங்கள், சரியாக வரும்.

தனிப் புரோட்டானோ நியூட்ரானோ வராமல் ஆல்ஃபா மட்டும் ஏன் வருகிறது? யுரேனியம்-238-இலிருந்து ஒரு நியூட்ரானைப் பிடுங்க 6 எம்இவி-க்கு மேல் நாம் கொடுக்க வேண்டும். ஆல்ஃபாவோ தனக்குள்ளேயே 28.3 எம்இவி பிணைப்போடு வருகிறது. அந்த இலாபத்தில் வெளியேறும் செலவு ஈடாகி 4.27 எம்இவி கையில் நிற்கிறது.

இங்கே நேரும் பிழைகள் பெரும்பாலும் மூன்று. நிறை எண்ணையே நிறையாகப் போடுவது. நான்கு தசம இடத்தோடு நிறுத்துவது (கார்பன்-14-இன் விடையே நான்காம் இடத்தில்தான் தொடங்குகிறது). அட்டவணை தருவது அணு நிறையா அணுக்கரு நிறையா என்று பார்க்காமல் இரண்டையும் கலப்பது.

ஒரே அணுக்கருவுக்கு இரண்டு வழியும் திறந்திருக்கலாம். பொட்டாசியம்-40-இன் நிறை 39.963998. கால்சியம்-40 (39.962591) பக்கம் 1.31 எம்இவி இறக்கம், ஆர்கான்-40 (39.962383) பக்கம் 1.50. நூற்றில் சுமார் 89 பங்கு கால்சியமாகவும் 11 பங்கு ஆர்கானாகவும் போகிறது. அதிக ஆற்றல் தரும் வழிக்கு அதிகப் பங்கு என்று விதியில்லை என்பதைக் கவனியுங்கள்.

படி 4: எவ்வளவு வேகம்?

ஈயம்-208-க்கு ஆல்ஃபா கணக்குப் போட்டால் 0.52 எம்இவி நேர்க்குறியாக வரும். ஆனாலும் அது சிதைந்து இதுவரை யாரும் கண்டதில்லை. பிஸ்மத்-209-க்கு 3.14 எம்இவி, அதுவும் நிலையானது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 2003-இல்தான் பிரான்சில் அதன் சிதைவைப் பதிவு செய்தார்கள்: அரை ஆயுள் சுமார் 2 × 10¹⁹ ஆண்டுகள். 'முடியும்' என்பதற்கும் 'நடக்கும்' என்பதற்கும் நடுவே நிற்பது தடுப்பு.

தோரியம்-232-இல் அந்தத் தடுப்பை அளந்து பார்க்கலாம். வெளியே போகும் ஆல்ஃபாவின் மின்னூட்டம் 2, மிஞ்சும் அணுக்கருவின் மின்னூட்டம் 88. இரண்டின் பெருக்கத்தை 1.44-ஆல் பெருக்கி, தூரத்தைப் பெர்மியில் கொண்டு வகுத்தால் மின் விலக்கு ஆற்றல் எம்இவி-யில் வரும். இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும் 9.2 பெர்மியில் அது 27 எம்இவி. ஆல்ஃபாவின் கையில் இருப்பது 4.08 தான். அந்த ஆற்றலோடு நியாயமாக வெளியே இருக்கக்கூடிய இடம் சுமார் 62 பெர்மியில் தொடங்குகிறது. நடுவிலுள்ள 50-க்கும் மேற்பட்ட பெர்மியை அது குவாண்டம் சுரங்க விளைவால்தான் (ஏறிக் கடக்க ஆற்றல் போதாத தடுப்பை ஊடுருவிச் செல்வது) கடக்க வேண்டும். 1928-இல் ஜார்ஜ் காமோவும், தனியே கர்னி, காண்டன் இருவரும் கொடுத்த விளக்கம் இது.

தடுப்பின் அகலமும் உயரமும் அடுக்கில் ஏறி உட்காருவதால், ஆற்றலில் சிறு மாற்றமும் அரை ஆயுளைத் தலைகீழாக்கும். தோரியம்-232: 4.08 எம்இவி, 1,400 கோடி ஆண்டுகள். பொலோனியம்-212: 8.95 எம்இவி, 0.3 மைக்ரோ வினாடி. ஆற்றல் இரு மடங்குக்குச் சற்று அதிகம்; அரை ஆயுளில் 10²⁴ மடங்கு வேறுபாடு. கனமான அணுக்கருவுக்கு 4 எம்இவி என்றால் நூறு கோடி ஆண்டுகள் அளவு, 5 முதல் 6 என்றால் நாள் முதல் ஆயிரமாண்டு, 8-ஐத் தாண்டினால் வினாடிக்கும் கீழே என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். தோராயம்தான், ஆனால் கூட்டல் கழித்தலில் சறுக்கியதைக் காட்டிக்கொடுக்கும்.

பீட்டாவில் இப்படி எளிய விதி கிடையாது. டிரிட்டியத்துக்கு வெறும் 0.0186 எம்இவி; அரை ஆயுள் 12.3 ஆண்டுகள். கார்பன்-14-க்கு அதைப்போல எட்டு மடங்கு ஆற்றல். அரை ஆயுள் சுமார் 5,700 ஆண்டுகள். ஆற்றலோடு, தாய்க்கும் சேய்க்கும் உள்ளமைப்பு எவ்வளவு ஒத்துப்போகிறது, சுழற்சி (அணுக்கருவின் கோண உந்தம்) எத்தனை அலகு மாற வேண்டும் என்பவையும் பேசுகின்றன. பொட்டாசியம்-40-இன் சுழற்சி 4, கால்சியம்-40-இன் சுழற்சி 0. அந்த நான்கு அலகையும் ஓர் எலக்ட்ரானும் அதோடு வெளியேறும் மின்னூட்டமற்ற துகளான எதிர் நியூட்ரினோவும் சுமந்து போவது மிக அரிது. அதனால்தான் 125 கோடி ஆண்டுகள். பீட்டா அரை ஆயுளை ஊகிக்கத் தொடக்கநிலையில் முயல வேண்டாம் என்பேன். அட்டவணையில் பாருங்கள்.

பீட்டா எலக்ட்ரான் எப்போதும் முழு ஆற்றலோடு வராது. எதிர் நியூட்ரினோ பங்கு கேட்கும். கார்பன்-14-இன் உச்சம் 0.156 எம்இவி, சராசரி 0.05-ஐ ஒட்டித்தான்.

சூடேற்றினால் சிதைவு வேகம் கூடுமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது, ஆய்வகச் சூடு எலக்ட்ரான்களைத்தான் அசைக்கும், அணுக்கருவுக்கு எட்டாது. எலக்ட்ரான் கவர்வில் மட்டும், பெரிலியம்-7 போன்றவற்றில், வேதிச் சூழலைப் பொறுத்து மிகச் சிறிய மாற்றம் அளக்கப்பட்டிருக்கிறது.

படி 5: வினாடிக்கு எத்தனை?

அரை ஆயுளை வினாடிக்கு மாற்றுங்கள் (1 ஆண்டு = 3.156 × 10⁷ வினாடி). 0.693-ஐ அதனால் வகுத்தால் சிதைவு மாறிலி. அதை அணுக்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் வினாடிக்கு எத்தனை சிதைவு என்று பெக்கெரல் அலகில் வரும்.

ஒரு கிராம் சாதாரணப் பொட்டாசியத்துக்குப் போட்டுப் பார்ப்போம். அணுக்கள்: 6.022 × 10²³ ÷ 39.1 = 1.54 × 10²². இதில் நூற்றுக்கு 0.0117 பங்குதான் பொட்டாசியம்-40, அதாவது 1.80 × 10¹⁸. சிதைவு மாறிலி: 0.693 ÷ (1.25 × 10⁹ × 3.156 × 10⁷) = 1.76 × 10⁻¹⁷. பெருக்கினால் வினாடிக்குச் சுமார் 32. ஆண்டை வினாடியாக்க மறந்தால் விடை கோடிக்கணக்கில் போய் நிற்கும். ஐசோடோப்பு விகிதத்தை மறந்தால் 8,500 மடங்கு தவறும்.

குறைவதைக் கணக்கிட: 7 அரை ஆயுளில் 128-இல் ஒரு பங்கு, 10-இல் 1,024-இல் ஒரு பங்கு மிஞ்சும். இரண்டு அரை ஆயுளில் எல்லாம் தீர்ந்துவிடும் என்று எழுதும் விடைத்தாள்கள் இன்னும் குறையவில்லை.

படி 6: சேயை மறக்காதீர்கள்

கனமான அணுக்கருக்களில் சிதைவு ஓர் அடியில் முடிவது அரிது. யுரேனியம்-238 ஈயம்-206-இல் முடிகிறது. நடுவில் எத்தனை ஆல்ஃபா, எத்தனை பீட்டா? நிறை எண்ணைக் குறைப்பது ஆல்ஃபா மட்டுமே: (238 − 206) ÷ 4 = 8. எட்டு ஆல்ஃபாவும் அணு எண்ணை 92-இலிருந்து 76-க்கு இறக்கும், ஈயம் 82, ஆகவே 6 பீட்டா.

காமாவுக்கு (கிளர்ந்த, அதாவது ஆற்றல் மிகுந்த நிலையிலுள்ள அணுக்கரு உமிழும் கதிர்) தாயைப் பொறுப்பாக்குவது பொதுவான தவறு. கோபால்ட்-60-இன் 1.17, 1.33 எம்இவி காமாக்கள் கிளர்ந்த நிக்கல்-60-இலிருந்து வருகின்றன. சீசியம்-137-இன் 0.662 எம்இவி வருவது 2.55 நிமிட அரை ஆயுளுள்ள கிளர்ந்த பேரியத்திலிருந்து. இரண்டிலும் அணுக்கரு முதலில் பீட்டாவை விட்டுப் பிறகுதான் காமாவை விடுகிறது.

தூய ரேடியம்-226-ஐக் காற்றுப் புகாமல் அடைத்து வைத்தால் அதன் கதிர்ப்பு முதல் சில வாரங்களில் ஏறும். ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டு, அது அசையவில்லை. 3.8 நாள் அரை ஆயுள் கொண்ட ரேடான் உள்ளே சேர்ந்து, அதன் குறுகிய ஆயுள் சேய்களும் சேர்ந்துகொள்கின்றன. ஏறக்குறைய ஒரு மாதத்தில் ஒவ்வொன்றும் ரேடியத்தின் அதே வேகத்தில் சிதையும் சமநிலை வந்துவிடும்.

படி 7: கெய்கர் எண்ணியோடு ஒப்பிடும்போது

கணக்கைச் சரிபார்க்கப் பொட்டாசியம் குளோரைடு நல்ல மாதிரி. எளிதில் கிடைக்கும், இந்த அளவுக் கதிர்ப்பால் ஆபத்தில்லை. எடையில் நூற்றுக்கு 52 பங்கு பொட்டாசியம் என்பதால் 100 கிராமில் வினாடிக்குச் சுமார் 1,660 சிதைவுகள். மெல்லிய மைக்கா சன்னல் உள்ள கெய்கர் எண்ணியை உப்பின் மேல் ஒட்டிப் பிடித்தாலும் அது காட்டுவது இதில் மிகச் சிறு பங்குதான். பாதி எதிர்ப்பக்கம் போகிறது, உப்பே ஒரு பெரும்பகுதியை விழுங்குகிறது, காமாவில் நூற்றுக்கு ஒன்றிரண்டைத்தான் கெய்கர் குழாய் உணரும். எண்ணியில் தெரிவதைப் பெக்கெரல் என்று எழுதிவிடாதீர்கள்.

மாதிரி இல்லாமல் முதலில் பின்னணியை (சுற்றுப்புறத்தில் எப்போதும் உள்ள கதிர்ப்பு) எண்ணுங்கள். 10 நிமிடத்தில் பின்னணி 250, மாதிரியோடு 400 என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு 150, அதன் தடுமாற்றம் (250 + 400)-இன் வர்க்கமூலம், சுமார் 25. நூற்றுக்கு 17 பிழை. அதை 5-க்கு இறக்க நேரத்தைப் பன்னிரண்டு மடங்கு நீட்ட வேண்டும்: இரண்டுக்கும் இரண்டிரண்டு மணி நேரம். எண்ணிக்கை போதவில்லை என்று உப்பை மேலும் மேலும் குவிப்பதில் பயனில்லை. 1.31 எம்இவி பீட்டாவால் உப்புத் தூளில் சில மில்லிமீட்டர்தான் கடக்க முடியும். அதற்கும் அடியில் இருப்பது எண்ணியை எட்டாது. அதே உப்பை அகலமாகப் பரப்பிச் சன்னல் முழுவதையும் மூடும்படி வையுங்கள், எண்ணிக்கை கூடும்.